செகண்ட் ஹேண்ட் ஏழு சீட்டர் வாங்கப் போறேன், ரீகால் லெட்டர் வரலன்னா ரீகால் இல்லன்னு அர்த்தமா?

பின்சீட்டுப்பயணி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் முதல் தடவ எழுதறேன். வீட்ல ஆறு பேர், அதுல ரெண்டு சின்னப் பசங்க, அப்புறம் வயசான அம்மா அப்பா. இப்ப இருக்கற சின்ன வண்டில பசங்கள மடில வச்சிட்டுப் போறது இனிமே வேணாம்னு முடிவு பண்ணி, பத்து வருஷத்துக்கு மேல ஆன ஒரு ஏழு சீட்டர் பாத்து வச்சிருக்கேன். ஓட்டிப் பாத்தேன், இஞ்சின் நல்லா ஸ்மூத்தா இருக்கு, பாடில பெரிய அடி எதுவும் தெரியல. விக்கறவரு மூணாவது ஓனர், நல்ல மனுஷனாத்தான் பேசறாரு. ரீகால், அதாவது கோளாறுன்னு கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது, ஏதாவது வந்துச்சான்னு கேட்டதுக்கு, எனக்கு லெட்டரே வரல, அப்ப ஒண்ணும் இருக்காதுங்கன்னு சொன்னாரு. அது சரிதானா? இந்த வயசு வண்டில வேற என்னென்ன பாக்கணும்? பசங்க உக்காரப் போற வண்டி, அதான் பயமா இருக்கு.

ஸ்பேனர்பை
தம்பி, அவரு பொய் சொல்லல, ஆனா அவரு சொன்னது தப்பு. ரீகால் லெட்டர் கம்பெனிகிட்ட இருக்கற அட்ரஸுக்குத்தான் போகும். வண்டி மூணு கை மாறிடுச்சுன்னா அந்த லெட்டர் முதல் ஓனரோட பழைய வீட்டுக்குப் போயி, அங்க இப்ப யார் குடியிருக்காங்களோ அவங்க குப்பைல போட்டிருப்பாங்க. ரீகால்ங்கறது ஓனர் பேர்ல இல்ல, சேஸிஸ் நம்பர் மேல ஒட்டிட்டு வர்ற விஷயம். எத்தன ஓனர் மாறினாலும் அந்த வேல முடியற வரைக்கும் அது அந்த நம்பர்லயே திறந்து கிடக்கும். அதனால நீங்க பண்ண வேண்டிய முதல் வேல டெஸ்ட் டிரைவ் இல்ல, அந்த 17 எழுத்து நம்பர எழுதி எடுத்துட்டு வர்றது. கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க, இல்ல அந்தக் கம்பெனியோட அங்கீகாரம் இருக்கற எந்த சர்வீஸ் சென்டருக்கும் போன் பண்ணி நம்பரச் சொல்லிக் கேளுங்க. பாதுகாப்பு ரீகால்னா வேலைக்குக் காசு வாங்க மாட்டாங்க, நீங்க எத்தனாவது ஓனர்னும் கேக்க மாட்டாங்க.

நம்பர விக்கறவரு வாட்ஸப்ல அனுப்பறத வச்சு பாக்காதீங்க, நேர்ல போயி பாருங்க. முன் கண்ணாடிக்குக் கீழ, டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல இருக்கற ஸ்டிக்கர்ல, அப்புறம் பாடிலயே அடிச்சிருக்கற இடத்துல, பேப்பர்ல, எல்லாம் ஒரே நம்பரா இருக்கணும். ஒண்ணு மாறியிருந்தாலும் அந்த வண்டியே வேணாம்.

நேரானரோடு
என் கருத்து வேற. ரீகால் வந்த மாடல்னாலே அது டிசைன்ல தப்பு உள்ள வண்டி. ஒரு தடவ தப்பு பண்ணினவன் இன்னொரு இடத்துலயும் பண்ணியிருப்பான். மார்க்கெட்ல எவ்வளவோ வண்டி இருக்கு, ரீகாலே வராத மாடலாப் பாத்து வாங்குங்க, தலைவலியே இல்ல.

மூணாவதுகியர்
@நேரானரோடு உங்க பயம் புரியுது சார், ஆனா அப்படி ஒரு வண்டிய தேடிக் கண்டுபிடிக்கறது கஷ்டம். டகாட்டாங்கற கம்பெனி செஞ்ச ஏர்பேக் விஷயத்தயே எடுத்துக்கங்க, அது ஒரு கம்பெனி வண்டி இல்ல, ஹோண்டா, டொயோட்டா, நிசான், ஃபோர்டு, பிஎம்டபிள்யூன்னு கிட்டத்தட்ட எல்லாரும் அந்த ஒரே சப்ளையர்கிட்ட வாங்கினாங்க. உலகம் முழுக்க பத்து கோடி இன்ஃப்ளேட்டர், அதாவது ஏர்பேக்க ஊத வைக்கற டப்பா, அந்த அளவுக்குப் போச்சு, கார் வரலாற்றுலயே அதுதான் பெரிய ரீகால், 2017ல அந்தக் கம்பெனி திவாலே ஆயிடுச்சு. ஏர்பேக்க ஊத வைக்கறதுக்கு அமோனியம் நைட்ரேட் போட்டிருந்தாங்க, அதுல ஈரத்த உறிஞ்சற பொருள் சேக்கல. வருஷக்கணக்கா வெயிலும் ஈரக்காத்தும் மாறி மாறி பட்டு அந்த மருந்து கெட்டுப் போயி, மோதும்போது அளவுக்கு மேல வேகமா எரிஞ்சு, மெட்டல் டப்பாவே வெடிச்சு, துண்டு துண்டா முகத்துலயும் கழுத்துலயும் குத்துது. சின்ன மோதல்ல, பெல்ட் போட்டிருந்தும், செத்துப் போனவங்க இருக்காங்க. அதுலயும் கொடும என்னன்னா இது புது வண்டில வர்ற கோளாறு இல்ல, வயசாக ஆகத்தான் ஆபத்து அதிகம். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க தலைலதான் விழுது.

ரீகால் வந்த வண்டியாங்கறது கேள்வி இல்ல, வந்த ரீகால செஞ்சாங்களாங்கறதுதான் கேள்வி. ரீகாலே வராத மாடல்னா ஒண்ணு நெஜமாவே நல்லா இருக்கும், இல்ல அந்தக் கம்பெனி வாயத் திறக்கல.

ஸ்பேனர்பை
வாயத் திறக்காததுக்கு உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச். சாவி சுவிட்சுக்குள்ள ஸ்ப்ரிங் பலம் போதாது, சாவிக்கொத்துல எடை அதிகமா இருந்தாலோ குழில வண்டி குதிச்சாலோ சாவி தானா ரன்ல இருந்து கழண்டு பின்னாடி வந்துடும். ஓடிட்டு இருக்கற வண்டில இஞ்சின் அணைஞ்சு, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயி, அத விட மோசம், ஏர்பேக்குக்கும் கரண்ட் கட்டாயிடும். மோதினா ஏர்பேக் வராது. கம்பெனிக்குள்ள இருந்தவங்களுக்குத் தெரிஞ்சும் பல வருஷம் இழுத்தடிச்சு 2014லதான் ரீகால் பண்ணாங்க, 26 லட்சம் வண்டி. அவங்களே வச்ச நஷ்டஈட்டு நிதி ஒத்துக்கிட்டது 124 உயிர். நடுவுல சுவிட்ச சத்தமில்லாம மாத்தியிருக்காங்க, ஆனா பார்ட் நம்பர மாத்தல. மெக்கானிக்கா எனக்கு வயிறு எரியறது அந்த இடத்துலதான், ஏன்னா பழசும் புதுசும் ஒரே நம்பர்ல கைக்கு வந்தா எது எதுன்னு நாங்க எப்படி கண்டுபிடிக்கறது.

இதுல நீங்க இன்னிக்கே பண்ணக் கூடியது ஒண்ணு இருக்கு. எந்த வண்டியா இருந்தாலும் வண்டிச் சாவியத் தனியா வச்சிக்கங்க, வீட்டுச் சாவி பீரோ சாவி எல்லாம் அதுல கோத்துத் தொங்க விடாதீங்க.

நீலக்குடை
நான் மெக்கானிக் இல்ல, என் அனுபவம் மட்டும் சொல்றேன். எங்க வண்டியும் செகண்ட் ஹேண்ட்தான். வாங்கி ஏழு மாசம் ஒரு குறையும் இல்ல. ஒரு நாள் ராத்திரி ஹைவேல போயிட்டிருக்கும்போது, ஆக்ஸிலரேட்டர மிதிக்கறேன் ஆனா வண்டி இழுக்கல, ரெண்டு தடவ குலுங்கிச்சு, அப்படியே இஞ்சின் நின்னுடுச்சு. நான் ஓட்டிட்டிருந்தது நடு லேன். பின்னாடி லாரி ஹெட்லைட் கண்ணாடி முழுக்க வெள்ளையா வந்தது இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. எப்படியோ உருட்டி ஓரத்துக்குக் கொண்டு வந்தேன், பொண்ணு பின்னாடி தூங்கிட்டிருந்தா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் சர்வீஸ் சென்டர்ல டோ பண்ணிக் கொண்டு போய் விட்டா, ஃப்யூயல் பம்ப், மேடம் இதுக்கு ரீகால் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சே, நீங்க ஏன் வரலன்னு கேக்கறாங்க. லெட்டர் முதல் ஓனருக்குப் போயிருக்கு, எனக்கு யாரு சொல்லுவா? அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் தணியல. வாங்கற அன்னிக்கு அந்த நம்பர அஞ்சு நிமிஷம் தட்டிப் பாத்திருந்தா அந்த ராத்திரியே வந்திருக்காது. தயவு செஞ்சு பாத்துட்டு வாங்குங்க தம்பி.

டார்க்மீட்டர்
@நீலக்குடை மேடம், நீங்க தப்பிச்சது பெரிய விஷயம். ஃப்யூயல் பம்ப் ரீகால் பல கம்பெனிக்கு வந்திருக்கு, டென்சோங்கற கம்பெனி செஞ்ச பம்ப்ல உள்ள சுத்தற பிளாஸ்டிக் இம்பெல்லர் பெட்ரோல உறிஞ்சி ஊதிப் போயி பம்ப் சுவத்துல உரசி மாட்டிக்கும். நிக்கறதுக்கு முன்னாடி பெரும்பாலும் அறிகுறி காட்டும், ஸ்டார்ட் ஆக லேட்டாகும், ஐடில்ல அடங்கி அடங்கி ஓடும். ஆனா எல்லா வண்டியும் காட்டும்னு சொல்ல முடியாது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு விஷயம். ரீகால், கம்பெனி தானா நீட்டிக் குடுக்கற வாரண்டி, பொதுவா வர்ற கோளாறு, இந்த மூணும் வேற வேற, போட்டுக் குழப்பிக்காதீங்க. ரீகால்னா பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, இலவசம். ஒரு கியர்பாக்ஸ்ல நிறைய கம்ப்ளெய்ண்ட் வந்தா கம்பெனி சில சமயம் அந்தப் பார்ட்டுக்கு மட்டும் வாரண்டிய நீட்டிக் குடுக்கும், ஆனா அதுக்கு வருஷமும் கிலோமீட்டரும் கணக்கு இருக்கு, முடிஞ்சா முடிஞ்சதுதான். மூணாவது வகைக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க, உங்க பாக்கெட்தான். ஆனா அத வாங்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா விலைல குறைக்கலாம்.

ஆட்டோமேட்டிக்கா மேனுவலா? ரெண்டு க்ளட்ச்சும் ஆயில்ல முங்காம ஓடற ட்ரை க்ளட்ச் டிசிடி ஆட்டோமேட்டிக்னா ஊர்ந்து போற டிராஃபிக்ல அரை மணி நேரம் சூடான பிறகு ஓட்டிப் பாருங்க, மேட்டுல ரிவர்ஸ் எடுங்க, அப்பதான் நடுக்கம் தெரியும். குளுந்த வண்டில எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பல்லு கியருக்குப் பதிலா பெல்ட்டுல ஓடற சிவிடி ஆட்டோமேட்டிக்னா ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு பில்லு கேளுங்க. வாழ்நாள் முழுக்க மாத்த வேணாம்னு சொல்லி வித்த வண்டிங்க இருக்கு, அந்தப் பேச்ச நான் நம்பறதில்ல.

பின்சீட்டுப்பயணி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. பெட்ரோல் மேனுவல். இன்னிக்கு சாயங்காலம் போயி நம்பர எழுதிட்டு வந்து கம்பெனி வெப்சைட்ல போட்டேன், எந்தத் தகவலும் இல்லன்னு வந்துச்சு. அப்ப ரீகால் எதுவும் இல்ல, அப்பாடான்னு இருக்கு. நாளைக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கேன்.

ஸ்பேனர்பை
தம்பி அட்வான்ஸ் குடுக்காதீங்க, கொஞ்சம் இருங்க. தகவல் இல்லங்கறதும் ரீகால் இல்லங்கறதும் ஒண்ணில்ல. நம்பர்ல "ஓ" எழுத்து எங்கயாவது போட்டிருக்கீங்களா? அந்த 17ல ஐ, ஓ, க்யூ இந்த மூணு இங்கிலீஷ் எழுத்தும் வரவே வராது, ஒண்ணு கூடவும் சைபர் கூடவும் குழம்பக் கூடாதுன்னே எடுத்துட்டாங்க. வட்டமா தெரிஞ்சா அது சைபர், கோடா தெரிஞ்சா அது ஒண்ணு.

பின்சீட்டுப்பயணி
அண்ணா!! ரெண்டு இடத்துல "ஓ" போட்டிருக்கேன். சைபரா மாத்திப் போட்டேன். ரெண்டு ரீகால் திறந்து இருக்கு. ஒண்ணு டிரைவர் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர், இன்னொண்ணு முன்சீட்டுப் பயணி ஏர்பேக் இன்ஃப்ளேட்டர். கை நடுங்குது. டெஸ்ட் டிரைவ் போனப்ப அம்மாவத்தான் முன்னாடி உக்கார வச்சிருந்தேன்.

நீலக்குடை
பதறாதீங்க தம்பி, இப்ப தெரிஞ்சு போச்சுல்ல. தெரியாம இருந்திருந்தாத்தான்.

நேரானரோடு
நான் முன்னாடி சொன்னத மாத்திக்கறேன். ரீகாலே வராத வண்டியா பாருங்கன்னு சொன்னேன், ஆனா அப்படிப் பாத்திருந்தா இந்த "ஓ" தப்புல இந்த வண்டியத்தான் ரீகால் வராத வண்டின்னு நினைச்சு வாங்க வச்சிருப்பேன். இத படிச்சிட்டு என் சொந்த வண்டி நம்பரயும் போட்டுப் பாத்தேன், வாங்கின நாள்ல இருந்து பாக்கவே இல்ல. ஒண்ணும் திறந்து இல்ல, ஆனா 2015ல ஒரு தடவ ஏர்பேக் மாத்தினதா காட்டுது. அது போதுமா?

மூணாவதுகியர்
இது நல்ல கேள்வி சார், நிறைய பேருக்குத் தெரியாது. டகாட்டா ரீகால் ஆரம்பிச்ச காலத்துல புது டிசைன் பார்ட் போதுமான அளவு கிடைக்கல, அதனால சில வண்டிகள்ல பழைய வகை இன்ஃப்ளேட்டரயே புதுசா போட்டாங்க. புதுசுங்கறதால கொஞ்ச வருஷம் தாங்கும்னு கணக்கு. அந்த வண்டிகளுக்கு அப்புறம் மறுபடியும் ரீகால் வந்துச்சு. அதனால 2015ல மாத்தியாச்சுங்கற பில்ல மட்டும் நம்பாம, இப்ப இன்னிக்குத் தேதில நம்பர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும். உங்களுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு வந்தா சரிதான், ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாத்துட்டே இருங்க.

ஸ்பேனர்பை
இன்னொரு ஓட்டை இருக்கு, அத நம்பர் காட்டவே காட்டாது. வண்டி ஒரு தடவ மோதி ஏர்பேக் வெளிய வந்திருந்தா, சில பேரு செலவ மிச்சம் பிடிக்க உடைச்ச வண்டில இருந்து கழட்டின ஏர்பேக்க வாங்கி மாட்டிடுவாங்க. உங்க சேஸிஸ் நம்பர் சுத்தமா இருக்கும், உள்ள இருக்கறது வேற வண்டியோட ரீகால் பார்ட்டா இருக்கும். இன்னும் மோசம், உள்ள ஒண்ணுமே இல்லாம கவர மட்டும் ஒட்டி வச்சிருப்பாங்க. சாவிய ஆன் பண்ணினதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில வினாடில அணையணும். எரிஞ்சே நின்னாலும் தப்பு, எரியவே இல்லன்னாலும் தப்பு. எரியாம இருக்கறதுதான் எனக்கு அதிக சந்தேகம், ஏன்னா யாரோ பல்ப கழட்டியிருக்கலாம். சரியா எரிஞ்சு அணைஞ்சாலும், ஏர்பேக் இருக்கற மாதிரி காட்ட வயர்ல ரெசிஸ்டர்ங்கற சின்ன பார்ட்ட போட்டு ஏமாத்தலாம், அதனால சர்வீஸ் சென்டர்ல ஏர்பேக்க கழட்டும்போது பக்கத்துல நின்னு பாருங்க.

சீட் பெல்ட்ட எல்லா சீட்லயும் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. இத நான் யார்கிட்டயும் சொல்லாம விட்டதில்ல. ஒரு வண்டி வந்துச்சு, உள்ள புது கார்ப்பெட், நல்ல வாசனை, தங்கம் மாதிரி. பின்சீட்டு பெல்ட்ட முழுசா இழுத்தேன், கடைசி ஒரு ஜான்ல பெல்ட்டு நிறம் மாறி, வரப்பு மாதிரி நேரா ஒரு மண்ணு கோடு. அந்த உயரம் வரைக்கும் தண்ணி நின்ன வண்டி அது. கார்ப்பெட்ட மாத்தினவன் பெல்ட்ட இழுத்துப் பாக்கல. சீட்டு ரெயில் போல்ட்ல துரு, ஸ்டெப்னி வைக்கற பள்ளத்துல வண்டல், டேஷ்போர்டுக்கு அடில கனெக்டர்ல பச்ச பூத்திருக்கறது, இதயும் பாருங்க. தண்ணில மூழ்கின வண்டில ஏர்பேக் கம்ப்யூட்டரும் ஏபிஎஸ்ஸும் எப்ப கைவிடும்னு யாராலயும் சொல்ல முடியாது.

டார்க்மீட்டர்
அண்ணன் சொன்னதோட என்னோடதும் கொஞ்சம். வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டி கோளாறு கோட படிக்கற ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு கடன் வாங்கியாவது கொண்டு போங்க. எரர் கோட் இல்லன்னு பாத்ததும் சந்தோஷப்பட்டுடாதீங்க, வண்டி தன்னத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டற ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல நிறைய "தயாரில்ல"ன்னு காட்டினா யாரோ இப்பதான் கோட அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. ரெண்டு மூணு நாள் ஓட்டினாத்தான் அது திரும்ப தயாராகும். அதனால அதே வண்டிய நாலு நாள் கழிச்சு மறுபடியும் பாருங்க.

டயர் மேல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம். பட்டன் ஆழமா இருந்தாலும் ரப்பர் கெழடாயிருந்தா ஃபேமிலிய ஏத்திட்டு வேகமா போகக் கூடாது. 2000ல ஃபயர்ஸ்டோன் டயர் 65 லட்சம் ரீகால் ஆனது, ஹைவே வேகத்துல மேல்பட்டை பிரிஞ்சு வண்டி உருண்டதாலதான். ஏழு பேரோட லக்கேஜும் சேந்தா டயர் மேல வர்ற சுமைய யோசிச்சுப் பாருங்க.

இஞ்சின்ல வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட்டறது டைமிங் பெல்ட்டா செயினான்னு கேளுங்க. பெல்ட்டுன்னா கிலோமீட்டர் மட்டும் கணக்கில்ல, வருஷமும் கணக்கு. கம்மியா ஓடின வண்டின்னு பெருமையா சொல்லுவாங்க, பெல்ட்டு அந்தப் பத்து வருஷமா அங்கயேதான் இருக்கும். அறுந்தா நிறைய இஞ்சின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு மொத்தமும் போச்சு. ப்ரேக் ஆயில் ஈரத்த இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். சஸ்பென்ஷன்ல இருக்கற லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு இதெல்லாம் இந்த வயசுல கட்டாயம் சத்தம் போடும், அது பெரிய விஷயமில்ல, மாத்திக்கலாம்.

நீலக்குடை
டிரைவர் பக்கம் காலுக்கு அடில போடற மேட்ட தூக்கிப் பாருங்க. ஒரு மேட்டு மேல இன்னொரு மேட்டு போட்டிருந்தா எடுத்துடுங்க. 2009ல டொயோட்டா லட்சக்கணக்குல ரீகால் பண்ணினதுல ஒரு காரணம் மேட்டு நகந்து ஆக்ஸிலரேட்டர பிடிச்சிக்கிட்டதுதான். பெடல் மாட்டிக்கிட்டா நியூட்ரல்ல தள்ளிட்டு ப்ரேக்க ஒரே அழுத்தா அழுத்தணும், இத வீட்ல ஓட்டற எல்லாருக்கும் சொல்லி வைங்க.

பின்சீட்டுப்பயணி
பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன். விக்கறவர்கிட்ட போயி நம்பர காட்டினேன், அவரு முகமே மாறிடுச்சு. மூணு வருஷமா அவரோட பையன் அந்த வண்டிலதான் முன்னாடி உக்காந்து ஸ்கூல் போயிருக்கான். கோவப்படல, பேரம் பேசல, அவரே சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணாரு. நானும் கூடப் போனேன். டிரைவர் பக்கத்த கழட்டும்போது நின்னு பாத்தேன், ஸ்பேனர்பை அண்ணன் சொன்ன மாதிரி. உள்ள ஒரிஜினல்தான் இருந்துச்சு, நம்ம உள்ளங்கைல அடங்கற ஒரு மெட்டல் டப்பா, பாத்தா ஒண்ணுமே தெரியாது. புதுச மாட்டி, பழைய பார்ட்டு நம்பரும் புது நம்பரும் போட்டு பேப்பர் குடுத்தாங்க, காசு வாங்கல. பெல்ட்டு ஏழையும் இழுத்தேன், மண்ணு இல்ல. டயர் நாலும் மாத்தியாகணும், அத விலைல கழிச்சிக்கிட்டாரு. டைமிங் செயின்தான்.

முன்சீட்டுப் பயணி பார்ட்டு ஸ்டாக்ல இல்ல, வர மூணு வாரம் ஆகுமாம். வண்டிய வாங்கிட்டேன், ஆனா பார்ட்டு மாத்தற வரைக்கும் அந்த சீட்ல யாரயும் உக்கார வைக்கக் கூடாதுன்னு சர்வீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. சாமான் பை மட்டும்தான் அங்க உக்காருது. அம்மாவுக்கு முன்னாடி உக்காந்து வேடிக்க பாக்கத்தான் பிடிக்கும், காரணத்தச் சொன்னதும் ஒண்ணும் பேசாம பின்னாடி பசங்க நடுவுல போயி உக்காந்துட்டாங்க.

ஸ்பேனர்பை
நல்லது தம்பி. மூணு வாரம்னு சொன்னா நீங்களே ரெண்டாவது வாரம் போன் பண்ணுங்க, அவங்க கூப்பிடட்டும்னு காத்திருக்காதீங்க. அப்புறம் உங்க பேர், போன், அட்ரஸ் மூணையும் அந்த நம்பர்ல கம்பெனில பதிஞ்சிட்டு வாங்க. அடுத்த லெட்டராவது உங்க வீட்டுக்கு வரட்டும்.

பின்சீட்டுப்பயணி
பதிஞ்சாச்சுண்ணா, கவுண்டர்ல இருந்தவங்க ஸ்கிரீன காட்டினாங்க, அதுல இன்னும் முதல் ஓனர் பேர்தான் இருந்துச்சு. என் கண்ணு முன்னாடியே மாத்தினாங்க.